சத்தம் மட்டும் போதும் என்றவர்கள்

நாகலெட்சுமி டீச்சருக்கு முதன்முதலில் குமட்டியது அந்தக் கையைப் பார்த்துத்தான்.

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியை மறைத்துக்கொண்டு பெரிய பேனர் ஒன்று கட்டியிருந்தார்கள். நடுவில் அவளுடைய படம். முப்பது வயதில், கொட்டகலை மேடையில் வயலினோடு நின்றபோது எடுத்தது. ஒரு பக்கம் அமைச்சர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மறுபக்கம் விழாக்குழுத் தலைவர் செல்லசாமி. மேலே, ‘மலையக இசையின் தாய்க்குத் தேசிய கௌரவம்’ என்று தங்க எழுத்து. அந்தப் படம் எடுத்த அன்று அவளுக்குப் பக்கத்தில் தப்புப் பறை அடிக்கிற வீரய்யா நின்றிருந்தார். இப்போது ஆளைக் காணோம், வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டினவனுக்கு என்ன அவசரமோ, தப்பின் விளிம்பைப் பிடித்திருந்த நாலு விரல் மட்டும் அவளுடைய இடுப்போரத்தில் மிஞ்சியிருந்தது. உடம்பில்லாத விரல்கள். பக்கத்தில் நின்ற பெண் பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, “நீங்கதானே டீச்சர்?” என்று சந்தோஷமாகக் கேட்டாள். டீச்சர் அவசரமாகப் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அந்த விரல்களை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மேமலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் பிறந்தவள் அவள். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தாள், அப்பாவுக்கு இலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. விடியுமுன்னே வீரய்யாவின் அப்பா லயத்துக்கு லயம், வரிசை வீடுகள் முழுக்க, தப்படித்துக்கொண்டு வருவார். சனம் எழும்பிப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, வந்து சேர வேண்டும் என்பதற்கான அடி அது. மெதுவாக மூன்று அடி, ஒரு இடைவெளி, பிறகு சட்டென்று இரண்டு. அந்த இடைவெளியில் பனியும் இருட்டும் தவிர ஒன்றும் கேட்காது. அம்மா அந்த நேரம் பார்த்துத்தான் அடுப்பை ஊதுவாள். பிறகு தோட்டத்துக்கு ஆலைச் சங்கு வந்தது, தப்பு பெரட்டை விட்டுப் போனது. சாவு வீட்டுக்கும் சாமி ஊர்வலத்துக்கும் மட்டும் என்றாகிவிட்டது. அதுவும் கோயில் வாசலோடு சரி.

ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில் அவளுக்கு வயலின் கிடைத்தது. சொல்லிக்கொடுத்தது யாழ்ப்பாணத்து ரஜனி மிஸ். கீர்த்தனைகளை ஒழுங்காகக் கற்றாள், நன்றாகவும் வாசித்தாள். ஆனால் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து வில்லை எடுத்தால் விரல் அந்த மூன்று அடியைத்தான் தேடியது. பெண்கள் மலையில் பாடுகிற வரிகளை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தது. ஆனால் அடிக்க ஆள் வேண்டுமே. தப்புக்காரர் லயத்துக்குப் போய் வீரய்யாவைக் கூப்பிட்டு வந்து வீட்டு முன்னறையில் உட்கார வைத்தாள். அவர் போன பிறகு அம்மா தரையைச் சாணி கரைத்துக் கழுவினாள். அத்தை வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். கோயில்காரர்கள் இரண்டு பேர் வந்து நியாயம் கேட்டார்கள். அவர் வராவிட்டால் எனக்குப் பாட்டு வராது என்று சொல்லி அனுப்பினாள். ஒத்திகை பள்ளிக்கூடத்துச் சாமான் அறைக்கு மாறியது.

முதல் கச்சேரி கொட்டகலையில். வீரய்யா முதல் அடி அடித்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்து, யார் செத்தது என்று உரக்கக் கேட்டார். பாதி வரிசை சிரித்துக்கொண்டே வெளியே போனது. பின்னால் நின்ற கொழுந்துக்காரப் பெண்கள் போகவில்லை. அந்த இடைவெளி வந்தபோது ஒருத்தியும் கை தட்டவில்லை, இருமவில்லை. அங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. கச்சேரி முடிந்து வயலினைப் பெட்டியில் வைக்கும்போது ரஜனி மிஸ் வந்து, “எனக்கு உது விளங்கேல்லை, பிள்ளை. ஆனா விட்டிடாதை” என்றாள்.

விடவில்லை. வானொலிக்குப் போனது, கசெட்டாக வந்தது, வேலைநிறுத்தத்தில் பாடினார்கள், கல்யாண வீட்டில் போட்டார்கள். சிங்களப் பாட்டுக்காரர்கள் அந்த அடியை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் பாட்டுக்கு வைத்தார்கள். ‘பெரட்டு இசை’ என்று பேர் விழுந்தது. இந்த நாட்டுக்கே உரிய இசை வகைகளில் ஒன்று என்று பாடப் புத்தகத்தில் ஏறியது. எல்லா ஊருக்கும் வீரய்யாவும் அவருடைய மூன்று ஆட்களும் கூடவே வந்தார்கள். டீச்சர் அவரை அண்ணே என்றாள், அவர் அவளை டீச்சரம்மா என்றார்.

இப்போது இந்த விழா. நடத்துகிறவன் சுதாகரன், அவளிடமே வயலின் பிடிக்கக் கற்றவன், கொழும்பில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். சில மாதங்களுக்கு முன் கேக் பெட்டியோடு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெரட்டு இசையை ஆவணப்படுத்திப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லி வீரய்யாவின் ஆட்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் நாள் முழுக்க அடிக்க வைத்துப் பதிந்துகொண்டான். நல்ல காரியம்தானே என்று டீச்சரும் நினைத்தாள்.

ஒத்திகை நுவரெலியாவில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உள்ளே வாசனைத் தெளிப்பானும் எண்ணெய்ப் பலகாரமும் ஈரக் கம்பளமும் கலந்து ஒரு நாற்றம். கொட்டகலையிலிருந்து வந்த பாடகிப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் குரல் பிரியந்தி, வீரய்யாவின் கடைசி மகள். சுதாகரன் பொத்தானை அமுக்கினான். ஒலிப்பெட்டிகளிலிருந்து மூன்று அடி விழுந்தது. வீரய்யாவின் அடிதான், ஆனால் தேய்த்துக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட மாதிரி. அடுத்து அந்த இடைவெளி வர வேண்டும். வரவில்லை. அந்த இடத்தில் டிங் டிங் என்று கோயில் மணி அடித்தது.

டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். அந்த இடத்தை ஏன் நிரப்பினாய் என்று கேட்டாள். வெறுமையாகக் கிடந்தால் டீவியில் சத்தம் போய்விட்டது என்று சனம் நினைக்கும், மணி போட்டால் மங்களகரமாக இருக்கும் என்றான் சுதாகரன். சாப்பிட்ட சோற்றில் மயிர் வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. மேடையைப் பார்த்தாள். பாடகிகளுக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள், வயலினுக்கு ஒரு வட்டம் இருந்தது. தப்புக்கு இடம் போடவில்லை. அண்ணன் எங்கே என்று கேட்டாள். சாப்பிடுகிறார்கள் என்றான்.

மண்டபத்துக்குள் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்துச் சாப்பாடு வைத்திருந்தார்கள். அங்கே வீரய்யா இல்லை. அவள் பின்பக்கம் போனாள். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், சமையல் ஆட்கள் எச்சில் இலையும் கோழி எலும்பும் கொட்டுகிற மூலையில், நாலு பேரும் குந்தியிருந்து சோத்துப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் எலும்பை இழுத்துக்கொண்டு அவர்களுக்குக் குறுக்கே போனது. டீசல் புகை சோற்றின் மேலேயே இறங்கியது. வீரய்யா அவளைக் கண்டதும் கையை மடக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தார். அவள் திரும்பி நேரே செல்லசாமியிடம் போனாள்.

செல்லசாமி அதே மேமலைத் தோட்டத்து ஆள். இப்போது லொறிகள் ஓடுகின்றன, கோயிலுக்கும் அவர்தான் தலைவர். வடையைப் பிய்த்துக்கொண்டே நிதானமாக விளக்கினார். அமைச்சர் வரும்போது தப்புக்காரர்கள் வாசலில் நின்று அடித்து அழைத்து வருவார்கள், அதோடு அவர்கள் வேலை முடிந்தது. மேடையில் குத்துவிளக்கு இருக்கிறது, பூரண கும்பம் இருக்கிறது. “விளக்கேத்துற எடத்துல இழவு மேளத்த வைக்க முடியுங்களா டீச்சர்? நீங்களே சொல்லுங்க.” நம்ம சனத்தை நாடு மதிக்க வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும் என்று சொல்லி அவளுடைய கையை ஆதரவாகப் பிடித்தார். விரல்களில் வடை எண்ணெய் பிசுபிசுத்தது. சுதாகரன் இடையில் புகுந்து அவளைச் சமாதானப்படுத்தினான்.

“ஒண்ணும் கொறையாது டீச்சர். சத்தம் இருக்கும். ஆளுங்கதான் மேடையில இருக்க மாட்டாங்க.”

அவள் கையை உருவிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். பிறகு குனிந்து புளித்த தண்ணீராக வாந்தி எடுத்தாள். இவர்கள் இப்படித்தான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அம்மா தரை கழுவியதைப் பார்த்தவள்தானே. அவளைப் புரட்டியது வேறு. ஆளை விலக்கிவிட்டு அடியை மட்டும் எடுத்துக்கொள்ள இவர்களுக்கு வசதியாக ஒரு பாட்டை அவளே செய்து, மெருகேற்றி, பாடப் புத்தகம் வரை கொண்டுபோய்க் கையில் கொடுத்திருக்கிறாள். முன்பெல்லாம் தப்புச் சத்தம் வேண்டுமென்றால் தப்புக்காரனை வாசல் வரைக்காவது கூப்பிட வேண்டியிருந்தது. இனி அதுவும் வேண்டாம்.

வெளியே வந்து விழாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லப் போனவளை வீரய்யாதான் மறித்தார். அவருக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது. வாசலில் அடிப்பது தங்களுக்குப் புதிதில்லை என்றார். பிள்ளைகள் மாதக்கணக்காகப் பாடிப் பழகியிருக்கிறார்கள், தாய் தகப்பன் எல்லாம் பார்க்க வருகிறார்கள் என்றார். “நீங்க வராமப் போனா அவங்களுக்கு நட்டமில்ல டீச்சரம்மா. என் புள்ளைக்குத்தான் நட்டம். அது பாடட்டும்.” அவர் கோபப்படாதது அவளுக்கு இன்னும் கசந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பிரியந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் பின்பக்கம் போய்ப் பார்த்திருந்தாள். கண் சிவந்திருந்தது, பேச்சு மட்டும் தெளிவாக வந்தது. அமைச்சரை வரவேற்கப் பாடகிகளும் வாசலில் நிற்கலாம்தானே, அதற்கு யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்றாள். அதற்குப் பிறகு, என்று டீச்சர் கேட்டாள்.

“அதுக்குப் பொறகு நாங்க உள்ள போகாம விட்டா சரி.”

விழா நாள் காலையிலிருந்தே தூறல். அழைப்பு அட்டை உள்ளவர்களுக்கு மட்டும்தான் மண்டபத்துக்குள் இடம். தோட்டங்களிலிருந்து வந்த சனம் முற்றத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் குடையும் தலையில் போர்த்திய ரெட்டுச் சாக்குமாக நின்றது. பாடகிகளின் தாய்மாரும் அங்கேதான். அமைச்சரின் வண்டிகள் வந்தன. வீரய்யாவும் ஆட்களும் அடித்து அழைத்து வந்தார்கள், பிள்ளைகள் பன்னீர் தெளித்தார்கள். செல்லசாமி அதைப் பார்த்துப் பூரித்துப்போய் டீச்சரைக் கும்பிட்டார். வாசற்படியில் தொண்டர் ஒருவன் கையை நீட்டித் தப்புக்காரர்களை நிறுத்தினான். பெரிய மனிதர்கள் உள்ளே போனார்கள். குளிருக்காகக் கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே விளக்கேற்றினார்கள், பேசினார்கள், மறுபடி பேசினார்கள். பின்கதவு வழியாக வந்து மேடைக்குப் பின்னால் தயாராக நிற்க வேண்டிய பாடகிகளும் டீச்சரும் முற்றத்திலேயே நின்றார்கள். டீச்சர் வயலினை எடுத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அவளுடைய பேர் கேட்டது. பெரட்டு இசையின் தாய், இந்த நாட்டின் சொத்து, இதோ உங்கள் முன்னால், என்றான் அறிவிப்பாளன். திரை விலகியது. ஒலிப்பெட்டிக்காரன் சொல்லிவைத்தபடி பொத்தானை அமுக்கினான்.

சுண்ணாம்புக் கோடும் குத்துவிளக்கும் தவிர மேடையில் ஒன்றுமில்லை. அமைச்சரும் அதிகாரிகளும் அந்த வெற்று மேடையைப் பார்த்துக்கொண்டு தப்புச் சத்தத்தையும் கோயில் மணியையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இது ஏதோ புது விதமான தொடக்கம் என்று முதலில் நினைத்தார்களாம், சிலர் கை கூடத் தட்டினார்களாம்.

வெளியே டீச்சர் வீரய்யாவைப் பார்த்துத் தலையசைத்தாள். மூன்று அடி விழுந்தது. பிறகு அந்த இடைவெளி. முற்றம் முழுக்க மூச்சுக் காட்டாமல் நின்றது, மழை மட்டும் தகரத்தில் விழுந்தது. பிறகு இரண்டு அடி. பிரியந்தி பாடத் தொடங்கினாள். நனைந்த தோலில் அடி முழுசாக எழும்பவில்லை, வயலின் தந்தி இறங்கிப்போயிருந்தது. நல்ல கச்சேரி என்று சொல்ல முடியாது. ஆனால் கயிற்றுக்குப் பின்னால் நின்ற பெண்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். மண்டபத்தின் பின்வரிசைக்காரர்களும் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வெளியே வந்து மழையில் நின்றார்கள். பொலிஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பாட்டு முடியும் நேரத்தில் சுதாகரன் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. அவள் காதருகே குனிந்து, “எங்கள அசிங்கப்படுத்திட்டீங்க டீச்சர்” என்றான்.

“அசிங்கம் அன்னைக்கு ஜெனரேட்டருக்குப் பின்னால கெடந்துச்சு” என்றாள் அவள். “அப்ப நீ மூக்கப் பொத்தலயே.”

விருதை அவளுக்குப் பதிலாகச் செல்லசாமி வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து ஓட்டோக்காரன் ஒருவன் பொன்னாடையையும் கேடயத்தையும் பொலித்தீன் பையில் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனான். டீவிச் செய்தியில் ஒத்திகையில் எடுத்த படத்தைப் போட்டு விழா சிறப்பாக நடந்தது என்றார்கள். ஆனால் முற்றத்தில் நின்ற யாரோ போனில் பிடித்தது ஊரெல்லாம் சுற்றியது. அவள் எதிர்பார்த்தது சண்டை. போனில் வந்தது சுதாகரனின் தேன் ஒழுகும் குரல். மழையில் பாடியது அற்புதமான யோசனை டீச்சர் என்றான். பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்களாம், அங்கே புல்வெளியில் வெள்ளைக்காரர்களுக்கு அதை அப்படியே செய்து காட்ட வேண்டுமாம். பிள்ளைகள் முதுகில் கூடை மாட்டிக்கொண்டால் போதும். தப்புக்காரர்களும் வரலாம், வெளியிடம்தானே, பிரச்சினை இல்லை.

புழுவைக் கடித்துவிட்ட மாதிரி அவளுக்கு நாக்கு கூசியது. முடியாது என்றாள். அது இப்போது நாட்டின் இசை, உங்களிடம் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை, மரியாதைக்குத்தான் கேட்டேன் என்றான் அவன். சொன்ன மாதிரியே அவள் இல்லாமல், வேறு பிள்ளைகளை வைத்து, பதிந்த சத்தத்தைப் போட்டு நடத்திக்கொண்டார்கள்.

மேமலையில் வேறு மாதிரி நடந்தது. இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்பு தேவையில்லை என்று கோயிலிலிருந்து வீரய்யாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். சரி, அப்படியானால் வேறு எதற்கும் எங்களைக் கூப்பிட வேண்டாம் என்று அவர் திருப்பிச் சொல்லியனுப்பினார். விட்டுக்கொடுத்தே பழகிய மனுஷன் அப்படிச் சொன்னதை ஊர் நம்பவில்லை. ஐப்பசி மழையில் செல்லசாமியின் தாய் மீனம்மா செத்துப்போனபோதுதான் நம்பியது.

அன்று டீச்சரும் வீரய்யாவும் கொட்டகலை கடைவீதியில் பஸ்ஸுக்கு நின்றார்கள். பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டு ஒன்று பழக்க மேலே போக வேண்டியிருந்தது. தூரத்தில் தப்புச் சத்தம் கேட்டது. வீரய்யா திடுக்கிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். வளைவில் ஊர்வலம் வந்தது. முன்னால் செல்லசாமியின் லொறி, அதன் தலையில் இரண்டு ஒலிப்பெட்டி. மூன்று அடி, கோயில் மணி, இரண்டு அடி. ஸ்டூடியோவில் பதிந்தது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பூப்பல்லக்கில் மீனம்மா. அவள் டீச்சரின் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவள், அந்தக் குடும்பத்தில் மனுஷி என்று சொல்லத்தக்க ஒருத்தி. அந்த அடி சாவு அடியே அல்ல என்பது ஊர்வலத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆயுள் முழுக்க அந்த அடிக்கும் சங்குக்கும் எழும்பி ஓடின கிழவியை, செத்த பிறகும் பெரட்டுக்கு எழுப்பிக்கொண்டு போனார்கள்.

“ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்” என்றார் வீரய்யா. “அவுங்களுக்கு இல்ல. அந்தாயிக்கு.”

டீச்சரின் தொண்டையில் பழைய புளிப்பு ஏறியது. இந்த முறை ஒளிந்துபோய்க் கக்கவில்லை, ரோட்டோரத்திலேயே காறித் துப்பினாள். பிறகு குடையை வீரய்யாவிடம் கொடுத்துவிட்டு ரோட்டில் இறங்கி லொறிக்கு முன்னால் போய் நின்றாள். சாரதி பிரேக் போட்டான். அவள் கதவோரம் வந்து, “தம்பி, இது நான் போட்ட பாட்டு. சாவுக்குப் போட்டதில்ல. நிப்பாட்டு” என்றாள். அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். செல்லசாமி கொள்ளிச்சட்டியைத் தாங்கியபடி நின்றார். முகம் சுண்டியது. அத்தனை பேருக்கு நடுவில் தாயைத் தூக்கிக்கொண்டு போகும்போது என்ன சண்டை போட முடியும்? சாரதி கையை நீட்டிப் பெட்டியை அணைத்தான்.

கடைவீதி சட்டென்று அமைதியானது. அப்போதுதான், கடைவீதிக்கு மேலே லயத்து முனை வரைக்கும் வழியனுப்ப வந்து அங்கேயே நின்றுவிட்ட பெண்கள் மாரடித்து அழுவது கேட்டது. இவ்வளவு நேரமும் அந்தச் சத்தம் பெட்டிகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்திருக்கிறது. வீரய்யா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மீனம்மாவின் பல்லக்கு அவர்களைத் தாண்டிப் போனது.

பஸ் வந்து நின்றிருந்தது. கொண்டக்டரிடம் ஏதோ சொல்லி அதை நிறுத்தி வைத்திருந்தார் வீரய்யா. டீச்சர் ஏறி, ஜன்னலோரம் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.